உட்கார்ந்தால் நெட்டை

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, சரி.
ஆனால் நாலு ரோடு மெஸ்ஸில்
முதல் ஈடு இட்லி
நாலேகாலுக்கு அடுப்பேற வேண்டும்.
தாதகாப்பட்டியில் அந்நேரம்
நாய்கள் மட்டுமே சர்வீஸில் இருக்கும்.

சீட்டெடுத்துக் கடன் அடைத்தது போக மீந்தது
ஆயிரத்து எண்ணூறு.
ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டு
சைக்கிள் தேடப் போனேன்.

என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.
சினிமாக் கொட்டகையில் பின்சீட்டுக்காரர்
தலையைக் கொஞ்சம் இறக்கச் சொல்வார்.
இடைவேளையில் நான் எழுந்தால்
எங்கே போனாள் என்று தேடுவார்.
நீளமெல்லாம் இடுப்புக்கு மேலேயும்
கைகளிலும் செலவாகி
கால்களுக்கு வந்தபோது துணி தீர்ந்துவிட்டது.
டெய்லர் ரெஜினா எப்போதும்
டேப்பை இரண்டாவது தடவை வைப்பாள்.

செவ்வாய்ப்பேட்டையில் இருபத்திநாலு இஞ்ச்.
கீழே போன பெடல்
என் காலை விட்டுவிட்டுப் போனது.

கிச்சிப்பாளையத்தில்
பிளஸ் டூ முடித்த பையன் விற்ற இலவச சைக்கிள்.
பிள்ளைகள் எல்லோரும் ஒரே அளவில் வளர்வதாக
அரசாங்கத்தில் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள்.

குகையில் ஒருவர்
சின்னப் பிள்ளைகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
கால் எட்டியது.
மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும்
முட்டி முழங்கையை இடித்தது.
தெரு மொத்தமும் வாசலுக்கு வந்து பார்த்தது.
"பழகுனா சரியாயிடும்மா."
"முப்பத்தேழு வருஷமாப் பழகுறேங்க."

லீ பஜார் பின்சந்தில் ஜபருல்லா கடை.
பழைய டயர்களுக்குப் பின்னால் பச்சையாக ஒன்று.
"அதுவா? அது யாருக்கும் ஒத்துவராது."

யாரோ சீட்டுக் குழாயை நாலு விரல் அறுத்திருந்தார்கள்.
நடுக்குழாயில் ஒட்டு வைத்து
ஒரு சாண் நீட்டியிருந்தார்கள்.
வெல்டிங் பற்று
கடலைமிட்டாய் மாதிரி திரண்டிருந்தது.

ஏறினேன்.
பாதம் முழுசாகத் தரையில் இருந்தது.
கை நீட்டினேன்,
நீட்டிய இடத்தில் ஹேண்டில் இருந்தது.

ஜபருல்லா வாயிலிருந்த பீடியை எடுத்தார்.

"ரெண்டாயிரத்து ஐநூறு."
"யாருக்கும் ஒத்துவராதுன்னீங்க."
"உனக்கு ஒத்துவருதே."
"எனக்கு மட்டும்தானே. நான் போயிட்டா
வேற யாரு வாங்குவா?"
"இது போயிட்டா
உனக்கு வேற எது கிடைக்கும்?"
இரண்டு பேர் சொன்னதும் நியாயமாக இருந்ததால்
டீ சொன்னார்.
ஆயிரத்து அறுநூற்றைம்பது.
பெல்லைக் கழற்றிக்கொண்டார்.

இப்போது திருமணிமுத்தாற்றுப் பாலத்தில்
நாற்றத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிறேன்.
எதிரே ஆள் வந்தால் "ஓரம் ஓரம்" என்று நானே பெல்.
நாலு ரோட்டில் இறங்கும்போது
ஏற்காடு மலையில் ஒரு லாரி வெளிச்சம்
வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருக்கும்.
செயின் வாரத்துக்கு இருமுறை கழலும்.
அது அளவுக் கோளாறு இல்லை,
வயசு.

யாருடையது என்று ஜபருல்லாவுக்குத் தெரியாது.
காயலான் வண்டியில் வந்ததாம்.
சீட் இடப்பக்கம் அதிகம் அமுங்கியிருக்கிறது.
நானும் அப்படித்தான் உட்கார்வேன்.
ஆணோ பெண்ணோ,
செத்திருக்க மாட்டார்,
மொபெட் வாங்கியிருப்பார்
என்று வைத்துக்கொள்கிறேன்.
ஒரு வெல்டரிடம் நின்று
இங்கே வெட்டு, இங்கே நீட்டு என்று
வெட்கமில்லாமல் சொல்லியிருக்கிறாரே,
அதைத்தான் அடிக்கடி நினைக்கிறேன்.

கல்யாணப் பந்தியில்
வரிசையில் தலை உயர்ந்து தெரிகிறவரை
முதலிலேயே பார்த்து வைத்துவிடுகிறேன்.
மோர் வரும்வரை காத்திருந்து
கை கழுவ அவர் எழும்போது கவனிக்கிறேன்.

இதுவரை எல்லோரும்
உயரமாகவே எழுந்து போகிறார்கள்.