முதலில் வருவது கட்டைவிரல்

பர்கூர் சாலையில் கிரானைட் ஆலைக்கு மேலே
எங்கள் ஆபீஸ்.
ஆறு கணினி, ஓடாத ஒரு ஏசி.
யாரோ எங்கோ ஒரு கல்லை எக்ஸ்ரேயில் சீவி
ஆயிரத்து நானூறு ஏடாக அனுப்பியிருக்கிறார்கள்.
ஏட்டுக்கு ஏடு எலும்பைத் தேடி
நிறம் தீட்ட வேண்டும்.
மண்டைக்கு மஞ்சள். தாடைக்கு நீலம்.
ஏட்டுக்கு இரண்டேகால் ரூபாய்.

கோப்பின் பெயர் சாலமாண்டர்.
தமிழில் என்ன என்றான் திம்மராயன்.
பல்லி என்றேன். செதில் இல்லையே என்றான்.
தவளை என்றேன். வாலைக் காட்டினான்.
நம் பக்கம் எட்டிப் பார்க்காத ஒன்றுக்கு
நாம் எதற்குப் பெயர் வைத்திருக்கப் போகிறோம்.

மொத்த உடம்பும் என் சுண்டுவிரல் நீளம்.
வயது பதினாறு கோடி வருடம்.
எரிமலைச் சாம்பல் விழுந்து மூடிய குளத்தில்
செவுள் விரித்தபடி படுத்துவிட்டது,
குஞ்சு.

கீழே அறுபடுவது பாரடைசோ.
தரை அதிர்கிறது, மவுஸ் நடுங்குகிறது.
வாங்க வருகிறவர்கள் அந்த நெளிவுகளில்
மீன் பார்ப்பார்கள், மயில் பார்ப்பார்கள்,
ஒருவர் பிள்ளையாரே பார்த்து
பத்தாயிரம் கூடக் கொடுத்துவிட்டுப் போனார்.
ஒரு எலும்பு கிடையாது அதற்குள்.
எலும்பு என்று ஒன்று உண்டாகும் முன்பே
இறுகிவிட்ட கல்.

தொள்ளாயிரத்துச் சொச்சம் ஏட்டில்
முன்னங்கை வந்தது.
கட்டைவிரல் இருக்கிறது. அடுத்தது இருக்கிறது.
மற்ற இரண்டும் இன்னும் எலும்பாகவில்லை,
வெறும் சாம்பல் நிறம்.

குறிப்பில் போட்டிருந்தது:
கோழிக்கும் நமக்கும் சுண்டுவிரல் பக்கம் முந்தும்.
இந்த இனத்துக்குக் கட்டைவிரல் பக்கம்.
துண்டித்தால் மறுபடி முளைக்கும்,
அப்போதும் அதே வரிசை.

திம்மராயன் அதை இரண்டு தரம் படித்தான்.
கீழே வயர்சாவில் நின்றவன் அவன்.
வலது கட்டைவிரல் போன பிறகு
முதலாளி மேலே அனுப்பிவைத்தார்,
உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று.
ஒன்றும் சொல்லவில்லை.
திரையைப் பெரிதாக்கினான்,
இன்னும் பெரிதாக்கினான்,
புள்ளி புள்ளியாக உடையும்வரை.

வெள்ளிக்கிழமை கோப்பு திரும்பி வந்தது.
'இல்லாத எலும்புக்கு நிறம். முன்னங்கை,
மூன்றாம் விரல், நான்காம் விரல்.
ஒன்பது ஏடு.'

பார்த்தேன்.
பச்சையில், பிசிறில்லாமல்,
கணு கணுவாகத் தீட்டியிருந்தான்.
கட்டைவிரலைவிட நன்றாக வந்திருந்தது.

அழித்தது நான்தான்.
ஏட்டுக்கு நாலு சொடுக்கு.

பிடித்தம் இருபது ரூபாய் இருபத்தைந்து காசு.
சனிக்கிழமை கூலி வாங்கும்போது
ரிஜிஸ்டரை ஒருக்களித்து வைத்து
இடது கையால் கையெழுத்துப் போட்டான்.
மை காயும்வரை நின்றான்.