கூடையில் மூன்று ரிக் வண்டி

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றேகாலுக்கு
ஜோத்பூரிலிருந்து யாரோ ஒருவர்
ஆயிரத்தைந்நூறு அடி இறங்கும் ரிக் வண்டி மூன்றைக்
கூடையில் போட்டிருக்கிறார்.
மொத்தம்: பூஜ்யம் ரூபாய்.
அனுப்பும் செலவு: இலவசம்.

விடியும் முன்னே போன்.
"ஏனுங் அம்மிணி, கூடைங்கறான், ரிக்குங்கறான்,
எந்தக் கூடையில ரிக்கு நிக்கும்?"
அத்தப்பன் சாருக்குக் கோபத்திலும் 'ங்' விட்டுப்போகாது.

அந்தப் பொத்தானில் முந்தின நாள்வரை
'விலை கேளுங்க' என்றுதான் இருந்தது.
எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த தரணிதரன்
கடை மென்பொருளின் மூலக் கோப்பைத் திறந்து
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
நேராகக் கை வைத்து எழுதிவிட்டு
பெங்களூருக்குப் போய்விட்டான்.
பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு:
'தயவுசெய்து இந்தக் கோப்பை யாரும் தொடாதீர்கள். தரணி.'

பத்து மணிக்குப் புதிய பதிப்பு தானாக இறங்கியிருக்கிறது.
அதற்குத் தமிழ் தெரியாது.
வாடகை வீட்டுச் சுவரில்
குழந்தை எழுதிய அ, ஆ மேல்
ஓனர் வெள்ளை அடித்த மாதிரி
அடித்துவிட்டுப் போய்விட்டது.

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
பட்டறைக்கு மேல்மாடியில் என் மேசை.
கீழே வெல்டிங் பொறி பறந்தால்
திரையில் எழுத்து ஒரு கணம் வெளுக்கும்.
சேஸிஸ் வந்து நிற்கிறது,
தலை மட்டும் உள்ள லாரி,
முதுகு முழுக்க வெறும் இரும்பு.
அதில் துளை போட்டால் வாரண்டி போயிற்று.
பொன்னரசு ரப்பர் பட்டை வைத்து
மேலே சட்டத்தை இறக்கி
யூ போல்ட்டால் இரண்டு பக்கமும் கவ்வி இறுக்குகிறான்.
இருபது டன் வந்து உட்காரப்போகிறது
ஒரு துளைகூட இல்லாமல்.

இதைப் பார்த்து நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.
எனக்கு முன்பே தெரியும்.
அவனுக்கும் தெரியும்.
எங்கள் இருவருக்கும் பொது
டீக்கடை பாக்கி நோட்டு ஒன்றுதான்.

மூலத்தைப் படிக்க மட்டும் திறந்தேன்.
எழுதியவர் யாரோ, எந்த ஊரோ,
நடுநடுவே கொக்கி அடித்து வைத்திருக்கிறார்.
'இங்கே உங்களுக்குச் சொல்ல ஏதும் உண்டா?' என்று
நின்று கேட்டுவிட்டு நகரும் வரிகள்.
பொத்தானுக்குப் பெயர் வைக்கும் முன்னாலும்
அது ஒரு தடவை கேட்கிறது.
இத்தனை வருஷமும் கேட்டிருக்கிறது,
ஒவ்வொரு முறை பக்கம் திறந்தபோதும்.
எங்கள் பட்டறையிலிருந்து
யாரும் பதில் சொல்லவில்லை.

தனியாக ஒரு சின்னக் கோப்பு எழுதினேன்.
விலை பூஜ்யமா?
அப்படியானால் கூடை வேண்டாம், 'விலை கேளுங்க.'
அந்தக் கொக்கியில் மாட்டினேன்.
வரிசை எண் தொண்ணூற்றொன்பது:
மற்ற செருகுநிரல்கள் எல்லாம் பேசி முடித்தபின்
பந்தியில் கடைசியாக மோர் கொண்டு வருகிறவள் மாதிரி
என் முறை.

தோற்றத்துக்கும் அப்படித்தான்.
தாய் வடிவம் தன்பாட்டில் கிடக்க
அதற்கு ஒரு பிள்ளை வடிவம்.
மஞ்சள் பட்டை, மலைக்கோயில் படம்,
கொட்டை எழுத்தில் போன் நம்பர்,
அத்தப்பன் சார் ஆசைப்பட்டதெல்லாம் பிள்ளையிடம்.
தாய்க்கு அதெல்லாம் தெரியவே தெரியாது.

புதன்கிழமை அடுத்த பதிப்பு வந்தது.
'இப்போதே புதுப்பி.'
நகல் எடுத்திருந்தேன், சோதனைத் தளத்தில் பார்த்துமிருந்தேன்,
என்றாலும் விரல் கொஞ்சம் நின்றது.
அழுத்தினேன்.
கரண்ட் போனது.

சர்வர் மும்பையில்,
அதற்கு எங்கள் ஊர் மின்தடை ஒன்றும் செய்யாது.
போனில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.
கீழே இறங்கி நின்றேன்.
டார்ச் வெளிச்சத்தில் பொன்னரசு
காலையில் முறுக்கிய நட்டுகளையே
ஒவ்வொன்றாக மறுபடி முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபது நிமிஷம் கழித்து
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி
கம்பெனியிலிருந்து வந்தபடி, ஒரு கைரேகை இல்லாமல்.
பொத்தானில்: விலை கேளுங்க.

ஜோத்பூர்க்காரர் மட்டும் இன்னும் விடவில்லை.
என் மூன்று வண்டி எப்போது வரும் என்று
தினமும் கூப்பிடுகிறார்.
அதற்கு மூலத்தில் கொக்கி எதுவும் இல்லை.
அத்தப்பன் சார் தெரிந்த இந்தியில்
'நைங் சார், நைங்' என்று
சொல்லிக்கொண்டிருக்கிறார்.