பதினொன்றரை வோல்ட்

கெம்ச்சியில் கடல் நாளுக்கு இரண்டு முறை
வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.
எனக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம்.
சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கிறாள் போர்ஃபியாதா.
பிடிவாதக்காரி என்று பொருள். பதினேழு அடி.
விற்ற ரோசமெல் கார்க்கமோ
பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"விளக்கைப் போட்டால் ஹாரன் அடிக்கும்.
போகப் போகப் பழகிவிடும்."

பழகவில்லை.

சுக்கானுக்குக் கீழே பலகையைக் கழற்றினேன்.
பதினோரு கம்பி, அத்தனையும் சிவப்பு,
ஒரே போல்ட்டில்,
பாகப்பிரிவினைக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி
ஒருவர் தோளில் ஒருவர்.
இரண்டு, வீட்டு ரேடியோவிலிருந்து வெட்டியவை.
ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.

விளக்குக்குப் போகும் கம்பியை இழுத்தேன்.
உறை கருகி
கையோடு உதிர்ந்தது.
முனையில் பல்பு மட்டும் புதுசாக மினுங்கிக்கொண்டிருந்தது,
தனக்கு எதுவும் தெரியாது என்று.
அப்போதுதான் எனக்கு உறைத்தது:
ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல,
விளக்குவரை போகிற வழியை.

ஆலையில் ஐஸ் இயந்திரங்களைப் பார்க்கும் இரேனியா
கம்பி நசுக்கும் இடுக்கியை இரவல் தந்தாள்.
துருப்பிடித்தால் பல்லை உடைப்பேன் என்றும் சொன்னாள்.
யாருடைய பல் என்று கேட்கவில்லை.

வெள்ளீயம் பூசிய செம்பு, மீட்டர் விலை
ஒரு கிலோ இறைச்சி.
தோலைச் சீவு, வளையத்தில் நுழை, நசுக்கு,
இழுத்துப் பார்.
கையோடு வந்தால் அது இணைப்பே இல்லை.
முதல் நான்கு கையோடு வந்தன.
ஐந்தாவது என்னையே
படகோடு சேர்த்து இழுத்தது.

கறுப்புகளெல்லாம் ஒரு பித்தளைப் பட்டைக்கு.
சிவப்புகளுக்கு ஆளுக்கொரு வாசல்:
விளக்குக்கு மணல் நிறம், ஐந்து ஆம்பியர்.
ஹாரனுக்குச் சிவப்பு, பத்து.
ரேடியோவுக்கும் பத்து.
மீன் காட்டும் கருவிக்கு மூன்று.
அந்தக் கருவி இன்னும் என்னிடம் இல்லை.
பேட்டரி வாசலில், எல்லாருக்கும் மூத்ததாக, ஒரு நாற்பது.

அதற்குள் தண்ணீர் திரும்பிவிட்டது.
முதலில் சேற்றில் ஒரு கோடு,
பிறகு நண்டுகள்,
பிறகு பின்புறம் லேசாகத் தூக்கிப் போட்டது.
ஸ்குரு உருண்டது. டார்ச்சை வாயில் கவ்வியிருந்தேன்.
மிச்சம் பம்ப் ஒன்றுதான்.

அதைப் பலகைக்குக் கொண்டுவரவில்லை.
தலைமைச் சுவிட்சைத் தாண்டி நேராகப் பேட்டரிக்கு,
வழியில் தனக்கென ஒரு ஃபியூஸ்,
அடியில் ஒரு மிதவை.
எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகிறவள் நான்.
என் கைக்கு எட்டாத ஒரு கம்பி
இந்தப் படகில் இருக்கட்டும்.

செவ்வாய் ராத்திரி வடக்குக் காற்று.
மூன்று நாள் மழை, மழையென்றால்
தகரக் கூரைக்குக் கீழே கத்திப் பேசுகிற மழை.
நான் இரவுப் பணியில் சால்மனின் முள் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு தரம் மூழ்கினாள் அவள்.
ஜன்னல் வழியே துறை தெரியாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனேன்.
பக்கத்துப் படகு விளிம்புவரை குளம்,
அதில் ஒரு பிளாஸ்டிக் வாளி மிதந்துகொண்டிருந்தது.
என்னுடையதில் கணுக்கால்கூட நனையவில்லை.
மீட்டரை வைத்தேன்: பதினொன்றரை வோல்ட்.
பன்னிரண்டேமுக்காலில் விட்டுப் போனவள்.
எத்தனை தரம் எழுந்து இறைத்தாளோ,
யாரையும் கூப்பிடாமல்.

சுவிட்சைத் தட்டினேன். விளக்கு எரிந்தது,
கொஞ்சம் மங்கலாக, மஞ்சளாக,
சத்தமே இல்லாமல்.

மிச்சம் இருப்பதைச் சேமிக்கவேண்டும்.
தெரியும்.
ஆனாலும் மேட்டில் ரோசமெல் வீட்டு ஜன்னலைப் பார்த்து
ஹாரனை அழுத்தினேன்,
தனியாக,
விளக்கை அணைத்துவிட்டு.
நாய் குரைத்தது. திரை விலகியது.
இன்னொரு தரம்.