தகான்ஸ்கயா, இரண்டாம் முறை

முதலில் ஒரு மெத்தை விளம்பரம்.
அரை நிமிடம் அதைப் பார்த்துத் தீர்த்தால்தான்
மாஸ்கோ சுரங்க ரயிலின் வைஃபை கதவு திறக்கும்.
நான் படுக்காத மெத்தையின் விலை
எனக்கு மனப்பாடம்.
பிறகு நரினில் மணி அடிக்கும்.

என் சிம்மில் காசு போட்டு ஆறு மாதம்.
போட்டால், பேசும் நிமிடத்துக்கு ஒரு ரொட்டி போகும்.
இதில் ஒரே ஒரு பயணச்சீட்டு.
வட்டப்பாதைக்குக் கடைசி நிலையம் கிடையாது,
இறங்கு என்று சொல்ல ஆளும் கிடையாது.

அந்தப் பக்கம் எமில்பெக்.
பஞ்சர் கடை வாசலில்,
மாடி மருந்துக்கடையின் வைஃபை எட்டுகிற
ஒன்றரை அடி இடத்தில்
சுவரோடு தோளை ஒட்டி நிற்பான்.
முதல் தேதி அவர்கள் கடவுச்சொல்லை மாற்றுவார்கள்.
இரண்டாம் தேதி இவன் அவர்கள் வண்டிக்குச்
சும்மாவே காற்றடிப்பான்.

காசு கொடுத்துப் பேசிய காலத்தில்
தந்தி போலப் பேசினோம்.
பணம் வந்ததா. வந்தது. காய்ச்சல்? இல்லை. வைக்கிறேன்.
கோபத்துக்குக்கூட நிமிடம் ஒதுக்க முடியாது.
இப்போது அவன் ஒரு டயரைக் கழற்றி மாட்டும்வரை
முழுதாகக் கேட்கிறேன்.
மீரிம் சூப்பு உறிஞ்சுவதை, பென்சில் சீவுவதை,
சும்மா இருப்பதை.
சும்மா இருப்பதற்கு இவ்வளவு சத்தம் உண்டென்று
முன்பு தெரியாது.

ரயில் வலமாகச் சுற்றினால்
நிலையத்தின் பெயரை ஆண் குரல் சொல்லும்,
இடமாகச் சுற்றினால் பெண் குரல்.
மீரிமுக்கு ஏழு வயது. இந்த ஊரைப் பார்த்ததில்லை.
"இன்னைக்கு மாமாவா, அத்தையா?"
என்று கேட்ட பிறகுதான் அம்மா என்பாள்.
பன்னிரண்டு நிலையமும் வரிசையாக வரும் அவளுக்கு,
ஏழாம் வாய்ப்பாடுதான் வராது.

இன்று மாமா.
தகான்ஸ்கயா, பாவெலெத்ஸ்கயா என்று வரிசை போனது.
வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்றேன்.
சாலட் டப்பாவுக்கு மூடி போடும் அந்த வேலை
போன மாதம் பதினெட்டாம் தேதி மூடிக்கொண்டது.
விடுதியில் கட்டில் எனக்கு
இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை.
ஆறு மணிக்கு இன்னொருத்தி வந்து
என் சூட்டின்மேலேயே படுத்துக்கொள்வாள்.
மீதி நேரத்துக்கு ரயில்.

சுரங்கத்தில் பேச்சு அறுந்து அறுந்து ஒட்டியது.
அவன் கீழே விழுந்த ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.
நான் குளிர்கிடங்கைப் பற்றி,
மேற்பார்வைக்காரி கையுறையைத் தொலைத்ததைப் பற்றி,
நடக்காத ஒரு சண்டையைப் பற்றி
அரை மணி நேரம் சொன்னேன்.
நன்றாகத்தான் சொன்னேன்.
இரண்டு இடத்தில் சிரித்தான்.

அப்போது தலைக்கு மேலே அந்த ஆண் குரல்,
செய்தி வாசிப்பவனைப் போல, அவசரமே இல்லாமல்:
தகான்ஸ்கயா.

"அம்மா, தகான்ஸ்கயா முன்னாடியே வந்துடுச்சே!"

நட்டு தேடும் சத்தம் நின்றது.

பழைய நாளாக இருந்தால்
இந்த இடத்தில் காசு தீர்ந்திருக்கும்.
டொக். அவ்வளவுதான்.
அடுத்த ஞாயிறுக்குள் எங்காவது
தரை துடைக்கக் கூப்பிட்டிருப்பார்கள்,
பொய் தானாகவே மெய்யாகியிருக்கும்.
இலவசத்தில் அந்த வசதி இல்லை.

பாவெலெத்ஸ்கயா போனது.
அவன் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால்
ஒரு லாரி பின்பக்கமாக நகரும் பீப், பீப்.
தொப்ரினின்ஸ்கயா.
நான் வைக்கவில்லை.
அவனும்.

ஒக்த்யாப்ர்ஸ்கயாவில்தான் கேட்டான்:
"உட்கார இடம் கிடைச்சுதா?"
கிடைத்தது என்றேன்.
"எத்தனை நாளா?"

கதவு திறந்து ஈரக் கோட்டுகள் உள்ளே நெருக்கின.
வாயைத் திறந்தேன்.
திரையில் மெத்தை வந்து நின்றது.
முப்பது நொடி.
இருபத்தொன்பது.