இன்னும் பாவிக்கலாம்

மட்டக்குளித் தொடர்மாடி, பி பிளாக்.
தண்ணீர்த்தாங்கிச் சுவருக்கு நாங்கள் வெள்ளை அடித்தோம்
என்று சொன்னால் பொய்.
அடித்தது ஃபாயிஸும் நிலூஷனும்.
நான் அறைக்குள் இருந்து
சிங்களப் படங்களுக்கு அடியில் ஓடும் தமிழைத்
தட்டிக்கொண்டிருந்தேன்.
வரிக்கு முப்பத்தைந்து எழுத்து, இரண்டு செக்கன்;
அதற்குள் ஒரு மனுசி தன் கோபத்தைச் சொல்லி முடிக்க வேண்டும்.

பதாகை நாலு மணிக்கு வந்தது.
இருபது அடி பிளாஸ்டிக்.
மூன்று மொழி, ஒரு பச்சை இலை, ஒரு பூமி உருண்டை.
தமிழில் மட்டும், வழக்கம்போல,
"நிலைபேரு: அயலவர் திரைப்பட விழா."
வல்லினம் அச்சகத்தில் இடையினமாகி வந்திருந்தது.
தொலைபேசியில் கத்தினேன்.
"ஆக்களுக்கு விளங்கும்தானே அண்ணன்" என்றான் பெடியன்.

மூன்றாவது படம் ஒன்பது நிமிடம்.
நாலாம் மாடி சுனேத்ராவின் குளிர்ப்பெட்டி.
பெட்டி ஒன்று, வீடு ஆறு.
ரிஸ்மியாவின் இறைச்சிக்குச் சிவப்பு ரப்பர்வளையம்,
யோகராணியின் தயிருக்கு நீலம்,
மேல்தட்டில் யாருடையதோ கண்மருந்து.
கதவு மூடாது; சைக்கிள் டியூப் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறது.
பில்லை ஆறாகப் பிரித்த கணக்கு
கதவிலேயே சோக்கால், அழித்து அழித்து.

படம் எடுத்த மாணவி கேட்கிறாள்:
புதிசு ஒன்று வாங்கலாமே?
சுனேத்ரா கமராவைப் பார்க்கவே இல்லை.
டியூபை இழுத்து மாட்டியபடி நாலு சொல்.

ஏற்பாட்டாளர்கள் கேட்டிருந்தார்கள்,
நிலைபேறு என்ற சொல் எங்காவது வரட்டும் என்று,
காசு தந்தவர்களுக்கு அது பிடிக்குமாம்.
"இது நிலைபேறான தெரிவு" என்று முதலில் எழுதினேன்.
அவள் வாயைப் பார்த்தேன்.
அந்த வாய்க்கு அது பொருந்தவில்லை, இரவல் பல்செட் மாதிரி.
அழித்துவிட்டு எழுதினேன்:
இன்னும் பாவிக்கலாம்.

ஏழரைக்குத் தொடங்கியது.
பிரதம அதிதி
பகிர்ந்து வாழப் பழகவேண்டும் என்றார்.
மூன்றாம் வரிசையிலிருந்து யோகராணி,
மைக் இல்லாமலே:
"கரண்ட் பில் ஏற ஏறச் செய்த வேலை இது.
இதுக்கு இப்பிடி ஒரு பேர் இருக்கெண்டு
எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை."
சிரித்தார்கள்.
அதிதியும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

அந்த மூன்றாவது படத்தில்தான் சுவர் மங்கத் தொடங்கியது.
புரொஜெக்டருக்குக் கரண்ட் சுனேத்ரா வீட்டுப் பிளக்கிலிருந்து.
மேலே பெட்டி உறுமும்போதெல்லாம்
கீழே சுவரில் அதே பெட்டி
கறுத்து ஒடுங்கிவிடும்.
என் எழுத்தும் கூடவே.
இரண்டு தரம் பொறுத்தோம்.
மூன்றாம் தரம் சுனேத்ரா எழும்பினாள்,
செருப்பைத் தேடினாள்,
நாலு மாடி ஏறிப்போய்
பெட்டியை நிறுத்திவிட்டு வந்து
தன் முகத்தை மிச்சம் பார்த்தாள்.

இன்னும் பாவிக்கலாம்.
இரண்டு செக்கன்.
யாரும் கைதட்டவில்லை.
பின்னாலிருந்து ஒரு ஆள், தனக்குத்தானே சொல்வதுபோல்,
"ஓம்."

மிச்சம் ஐந்து படமும் ஓடி முடியப் பத்தரை.
பெட்டிக்குள் ஐஸ் உருகி நாலாம் மாடிப் படி நனைந்திருந்தது.
ஆறு வீட்டு மீனையும் அன்றைக்கே சமைத்தாக வேண்டும்.
சாளை, பாரை, எதுவென்று தெரியாத துண்டுகள்,
எல்லாம் ஒரே சட்டிக்குள்.
ரப்பர்வளையங்கள் ஃபாயிஸின் மணிக்கட்டில்.
தயிரை மோராக்கி ஊற்றினாள் யோகராணி,
அதிதியின் சாரதிக்கும் ஒரு கோப்பை.
அதிதி போகவேண்டுமென்றார்; போகவில்லை.
முள் எடுக்கத் தெரியாமல்
பாணும் குழம்புமாக நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அடுத்த கிழமை நல்ல மழை.
போனபோது பதாகையைப்
பாண் வெட்டும் கத்தியால் இரண்டாகக் கிழித்திருந்தாள் சுனேத்ரா.
'நிலை' மீட்டர் பெட்டிகளுக்கு மேலே,
'பேரு' ஃபாயிஸின் த்ரீவீலருக்கு.
அந்த எழுத்தைத் திருத்தவென்று
நான் வாங்கிய கறுப்புப் பெயின்ற்
சட்டைப் பையில் இருந்தது.
ஈரத்தில் ஒட்டாது.
வைத்துக்கொண்டேன்.