இருபது நாற்பத்தொன்று

சிவப்பு டார்ச் ஒளியில் சிவப்பு மை தெரியாது.
அது தெரியாமல் போன வாரம் நான் வரைந்த வழி
விமானத்துக்குள் ஏறியதும் காணாமல் போயிருந்தது.
இன்றைக்குக் கறுப்புப் பேனா.

வாகைக்குளம் ஓடுபாதை, 20:24.
திசை இருநூற்று நாற்பது. வேகம் தொண்ணூறு.
வலது இருக்கையில் ஜெபசிங்,
என்னைவிட மூன்று வயது இளையவர்,
கடலைமிட்டாய் உறையைச் சத்தமில்லாமல் பிரிக்கிறார்.

பகலில் இந்த வழி எனக்கு மனப்பாடம்.
கருங்குளத்தை ஒட்டி ஆறு, கரையெல்லாம் வாழை,
அப்புறம் செம்மண், உடைமரம், செம்மண்.
இரவு அத்தனையையும் துடைத்துவிட்டு
விளக்குகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.
விளக்கில்லாத கறுப்பு இரண்டு வகை:
குளம் என்றால் நிலா உள்ளே விழும்.
விழாவிட்டால் மலை.

மார்கழிக் குளங்கள் தளும்பிக் கிடக்கின்றன.
நிலா ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி
கூடவே ஓடிவருகிறது,
டவுன் பஸ்ஸைத் துரத்தும் நாய்க்குட்டி மாதிரி.

மூலைக்கரைப்பட்டி, 20:37. டிக்.
முன்னால் நாங்குநேரி,
கறுப்புத் துணியில் சிந்திய ரவை.
அங்கே துணைமின் நிலையத்தில் என் தம்பி ஆவுடையப்பன்.
எட்டு நாற்பத்தொண்ணுக்கு மேலே பாருலே
என்று சொல்லிவைத்திருந்தேன்.

20:39.
நாங்குநேரி அணைந்தது.

ஒரு விளக்கல்ல, ஊர்.
தெருக்கள், கோபுரத்து பல்பு, பேருந்து நிலையம்,
எல்லாம் ஒரே சொடக்கில்.
கண்ணாடியில் என் முகம் மட்டும் மிச்சம்.
இடப்பக்கம் சரிகிறாய் என்றது காது.
இல்லையே என்றது செயற்கை அடிவானம்.
பிறந்ததிலிருந்து கூட இருக்கும் காது.
ஆறு மாதப் பழக்கம் இந்தக் கருவி.
ஜெபசிங் மெல்லுவதை நிறுத்தினார்.
பேசவில்லை.

விளக்கு போனால் ஊர் எழுந்து நடந்துவிடுமா?
இருநூற்று நாற்பது. இருநூற்று நாற்பது.
விநாடி முள்ளைப் பிடித்துக்கொண்டு போனேன்,
கரண்டு போன வீட்டில்
சுவரைத் தடவித் தீப்பெட்டிக்குப் போவதுபோல.

20:41.
இறக்கைக்குக் கீழே நான்குவழிச் சாலை.
அதில் சுங்கச்சாவடி மட்டும்
ஜெனரேட்டர் போட்டுப் பளபளவென்று
காசு வாங்கிக்கொண்டிருந்தது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வலப்பக்கம் திரும்பினேன். அடுத்தது கோவில்பட்டி.
திரும்பும்போது தெற்கே ஒரு நொடி
முப்பந்தல் காற்றாலைகள் சிவப்பாகச் சிமிட்டின.
கடலைமிட்டாயில் பாதி
இருட்டில் என் பக்கம் நீண்டது.

இறங்கி, சங்கிலி கட்டி, கையெழுத்துப் போட்டபிறகு போன்.
"ஃபீடர் ட்ரிப் ஆயிட்டுக்கா.
யார்டுல டார்ச்சோட ஓடிக்கிட்டு இருந்தேன்.
சத்தம் கேட்டு நிமிந்தா, ஊரே இருட்டு,
ஒன் லைட்டு மட்டும் போவுது."

"சிவப்பா, பச்சையா?"

"சிவப்பு ஒண்ணுதான் தெரிஞ்சுது. ஏன்?"

அப்படியானால் ஊருக்குக் கொஞ்சம் வடக்கே போயிருக்கிறேன்.
அரை மைல் இருக்கும்.

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
"சும்மாதான் கேட்டேன்," என்றேன்.
"கரண்டு வந்துட்டாலே?"