பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு வயிற்றுச் சத்தம்

இரவு ஒன்பதரைக்கு எடென்டேல் ஆலையிலிருந்து
பால் டாங்கரைக் கிளப்புவேன்.
விடியுமுன் இரண்டு நடை, ஏழு பண்ணை,
ஏறக்குறைய ஆறு மணி நேரக் கதை.

எழுதியவர் பெயரை நான் பார்ப்பதில்லை.
வாசிப்பது யாரென்று பார்த்துத்தான் வாங்குகிறேன்.
வீட்டை யார் வேண்டுமானாலும் கட்டட்டும்,
சாவி வாசிப்பவர் கையில்.

குழாயை மாட்டுமுன்
பாலை முகர்ந்து பார்ப்பது எங்கள் விதி.
ஒரு மூடி திறப்பு, ஒரு மூச்சு, போதும்.
கதைக்கும் அவ்வளவுதான் கொடுப்பேன்.

பெண் பேசும் இடம் வந்ததும்
தொண்டையைக் கிள்ளிக்கொண்டு கீச்சிடும் ஆண்களை
டிப்டன் திருப்பத்துக்குள் நிறுத்திவிடுவேன்.
எங்கள் வீட்டில் நான்கு பெண்கள்,
ஒருத்தியும் மூஞ்சூறு இல்லை.

நான் அழுவதற்குள் தான் அழுதுவிடுகிறவர்களும் வேண்டாம்.
துக்கம் கேட்க வந்தவர்
பெட்டிமேல் விழுந்து புரள்வதுபோல் இருக்கிறது.
சொல்லை மேசைமேல் வையுங்கள் ஐயா,
எடுத்துக்கொள்ள எனக்குக் கை இருக்கிறது.

அத்தியாயங்களுக்கு நடுவே பியானோ தட்டுகிறவர்களைச்
செப்டம்பர்ச் சேற்றில்
கேட் திறந்து மூட அனுப்ப வேண்டும்.

ஹெமி ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறான்,
வாரத்துக்கு நான்கு நாவல்.
கொன்றது யார் என்றால் சட்டென்று சொல்வான்.
அன்று மழை பெய்ததா என்றால்
“மழையா? எந்த மழை, ரேவின்?” என்று முழிப்பான்.

எங்கேயோ ஓர் அடைத்த அறையில் உட்கார்ந்து
எங்கள் பக்கத்து ஊரை ஒருவர்
டுவாட்டாப்பியர் என்றார்.
துவாத்தாபெரே! என்று கத்தினேன்.
அடுத்த பக்கத்தில் மறுபடி டுவாட்டாப்பியர்.
நாற்பது டன் வண்டியில் தனியாக
ஒரு மனிதரோடு இரவெல்லாம் சண்டை.

இன்னொரு தொல்லை.
போன மாதம் மனைவியைக் கொன்ற பல் டாக்டரும்
இந்த மாதப் பாதிரியாரும் ஒரே குரல்.
ஞானஸ்நானத்துக்கு அவர் குழந்தையைத் தூக்கியபோது
என் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

டெஸ்மண்ட் ப்ளேல் ஆறு புத்தகம் வாசித்தார்.
ஏழாவதில் வேறு ஆள்.
அதே இன்ஸ்பெக்டர், அதே மூட்டுவலி,
கதவு ஒட்டிக்கொள்ளும் அதே கார்.
யாரோ அவர் கோட்டை மாட்டிக்கொண்டு
வாசலில் நின்று சிரிப்பதுபோல் இருந்தது.
பதினெட்டு நிமிடம் பொறுத்தேன்.
ப்ளேலுக்கு என்ன ஆயிற்று என்று
புத்தகத்தில் எங்கும் சொல்லவில்லை.

இப்போது மூச்சே விடாத குரல் ஒன்று வந்திருக்கிறது.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
துவாத்தாபெரே கூடச் சரியாக வருகிறது.
அரை மணி கழித்துத்தான் கவனித்தேன்,
அதற்காக நான்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிடித்தது என்று ஏதாவது உண்டா என்கிறான் ஹெமி.
உண்டு.
ஓர்லா கினேன் வாசித்த அந்தத் தடித்த நாவல்.
பாதிக்குமேல் ஆட்டு விலைதான், கதை சுமார்.
பதினான்காம் அத்தியாயத்தில்
கணவனின் கடைசிக் கடிதத்தை ஒருத்தி பிரிக்கிறாள்.
ஓர்லா குரலைத் தாழ்த்துகிறார்.
உறை கிழிகிறது.
அப்போது, மிகத் தெளிவாக,
ஓர்லாவின் வயிறு உறுமியது.

அவர் நிறுத்தவில்லை.
‘அன்புள்ள’ என்று தொடங்கினார்.
வெட்ட வேண்டியவர் தூங்கிவிட்டார் போல.

மணி இரண்டு நாற்பது.
எத்தனை மணி நேரமாய் அந்த அறையில் இருந்தாரோ,
மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து
இறந்தவனின் கடிதத்தை எனக்குப் படித்தபடி.
சீஸ் ரொட்டியைப் பிய்த்து
பாதியைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.

கடிதம் முடிந்தது. அவள் அழவில்லை.
ஓர்லாவும் அழவில்லை.
கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரை
மழையில்லாமலே இரண்டு முறை போட்டேன்.

ஓரெபுகி தாண்டியதும் பசித்தது.
அந்தப் பாதியையும் நானே தின்றேன்.